கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரமா?

(எம்பிலிப்பிட்டியவில் தோட்டத் தொழிலாளரும் கமக்காரரும் அலுவலரும் கூடிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை மலைகளிலிருந்தும், எட்டியாந்தோட்டை, தெரணியகலை ரப்பர்த் தோட்டங்களிலிருந்தும், வளவை கங்கையின் நீர் பாயும் இந்த வயல்வெளிகளிலிருந்தும் நீங்கள் இங்கு வந்து கூடியிருக்கிறீர்கள். சம்பளத்தைப் பற்றியும் காணியைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேசிப் பழகிய மேடை இது. இன்று நாம் கண்ணைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம். இது மேடைக்கு உரிய பொருளா என்று எவரும் ஐயுற வேண்டா. உழைத்து உண்பவனுக்குக் கண்ணே முதல், கண்ணே காணி. ஒரு தொழிலாளி பார்வை இழந்தால் ஒருவருடைய கூலி மட்டும் போவதில்லை. அவரைக் கைப்பிடித்து நடத்துவதற்காக ஒரு பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுகிறது. ஒரு கண்ணின் இருள் இரண்டு தலைமுறைகளின் இருளாகி விடுகிறது.

கண்ணிழந்தவரைக் கண்டால் நம்மவர் "விதி" என்பர். "வயது போய்விட்டது" என்பர். உண்மை அதுவன்று. 2014, 2015ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் பார்வைக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தப்பட்டது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் நூற்றுக்கு 1.7 பேர் பார்வையற்றவர்கள் என்று அது கண்டது. அவர்களுள் மூவரில் இருவருடைய இருளுக்குக் காரணம் கண்புரை. கண்புரையோ ஒரு சிறிய சத்திரசிகிச்சையால் நீங்கக்கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் பார்வைக் குறையுடையோர் 220 கோடிக்குக் குறையாதவர்கள். அவர்களுள் 100 கோடிப் பேருக்காவது அந்தக் குறை வராமலே தடுத்திருக்கலாம், அல்லது இன்றும் தீர்க்கலாம். ஆகவே நம்மிடையே உள்ள குருட்டுத்தன்மையிற் பெரும்பகுதி விதி தந்ததன்று, தாமதம் தந்தது.

ஒவ்வொரு கண்நோயும் நமக்கு ஒரு தவணை தருகிறது. சில நோய்கள் மணிக்கணக்கில் தவணை தரும், சில மாதக்கணக்கில், சில ஆண்டுக்கணக்கில். எந்த நோய்க்கு எந்தத் தவணை என்பதை அறிந்தவர் கண்ணைக் காத்துக்கொள்வார். இன்று நாம் சொல்ல வந்த செய்தி இதுவே.

மணிக்கணக்கில் பறிபோகும் கண்

கவ்வாத்து வெட்டும்போது ஒரு சுள்ளி கண்ணிற் படுகிறது. சூடு மிதிக்கும்போது ஒரு நெல்லுமி தெறிக்கிறது. கரும்புத் தோகை கீறுகிறது. கண் கரிக்கிறது, நீர் வடிகிறது. "ஒரு நாட் பேர் போய்விடுமே" என்று மறுநாளும் வேலைக்குப் போகிறோம். மாலையில் ஒருவர் தாய்ப்பால் விடச் சொல்கிறார். ஒருவர் இலைச்சாறு பிழியச் சொல்கிறார். ஒருவர் நாக்கினால் துழாவித் தூசியை எடுக்கிறார். நான்காம் நாள் கருவிழியின்மேல் வெண்புள்ளி தோன்றுகிறது. ஐந்தாம் நாள் தலை பிளக்கும் வலி. வைத்தியசாலையை அடையும்போது கருவிழியிற் பாதி புண்ணாகியிருக்கும்.

சுள்ளியிலும் உமியிலும் மண்ணிலும் பூஞ்சணமும் கிருமியும் வாழ்கின்றன. கருவிழியை மூடியுள்ள கண்ணாடி போன்ற படலம் கீறப்பட்டால் அவை உள்ளே குடிபுகுந்து அதனை அரிக்கின்றன. நோய் ஆறினாலும் தழும்பு வெண்மையாய் நின்று ஒளியை மறைக்கும். இது உழவனுடைய நோய். 1993ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தில் இலட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டானதென ஆய்வாளர் கணித்தனர். அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கோ இலட்சத்துக்கு 11 மட்டுமே. பத்து மடங்கு வேற்றுமை! வயலிலே வெறுங்கண்ணோடு உழைப்பதற்கு நாம் கொடுக்கும் விலை அது.

ஆயினும் இதைத் தடுக்க முடியும் என்பதை நேபாளத்தின் பக்தபூர் மக்கள் காட்டினர். அங்கே ஊர்த் தொண்டர்களைப் பழக்கி, கருவிழி கீறுண்டவர்களுக்கு உடனே கிருமிக்கொல்லிக் களிம்பை மூன்று நாட்கள் இட்டனர். அதன் முடிவு 2001இல் வெளியாயிற்று. 442 பேருக்குக் களிம்பு இடப்பட்டது. கீறல் ஏற்பட்டு 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை. 24 மணி நேரம் கடந்து வந்த 49 பேரிலோ 14 பேருக்குப் புண் கண்டது. மருந்து ஒன்றுதான், களிம்பு ஒன்றுதான். வேற்றுமை ஒரு நாட் பொழுது! ஆகவே, கண்ணிற் கீறல் பட்ட அன்றே எம்பிலிப்பிட்டிய அரசினர் வைத்தியசாலைக்கோ உங்களுக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலைக்கோ போய்விடுங்கள். போகிற பேரைப் பின்பு ஈட்டிக்கொள்ளலாம். போகிற கண்ணை ஈட்ட முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாமசியில் "சிவந்த கண்ணுக்கு ஒரு துளி மருந்து" என்று கேட்டு வாங்காதீர்கள். சில துளிமருந்துகளில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும். விட்டவுடன் சிவப்புக் குறையும். நோய் தீர்ந்ததுபோலத் தோன்றும். ஆனால் பூஞ்சணப் புண்ணுக்கு அது நெருப்புக்கு நெய். நெடுநாள் விட்டால் கண்ணின் அழுத்தத்தையும் கூட்டும், கண்புரையையும் வரவழைக்கும். வைத்தியர் பார்த்து எழுதாத துளியைக் கண்ணில் விடலாகாது. பக்கத்து வீட்டாரின் மருந்துக் குப்பியும் அப்படியே.

ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அசிட்டும், வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பும், பூச்சிநாசினியும் கண்ணிற் பட்டால் தவணை மணிக்கணக்கும் அன்று, நிமிடக்கணக்கு. அப்போது முதல் மருந்து வைத்தியசாலையில் இல்லை. உங்கள் பீலியில் இருக்கிறது. இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் சுத்தமான நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். அதன் பின்னரே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். சுண்ணாம்புப் பொதியைக் குழந்தைகள் பிதுக்கி விளையாடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதுண்டு. அதனை எட்டாத இடத்தில் வையுங்கள்.

புல் வெட்டும் இயந்திரத்திலிருந்து கல்லோ கம்பியோ தெறித்துக் கண்ணைத் துளைத்தால் செய்ய வேண்டியது வேறு. கழுவாதீர்கள், கசக்காதீர்கள், குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். கண்ணை அழுத்தாதபடி ஒரு சிறு கோப்பையைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு விரையுங்கள். இயந்திரம் பிடிப்பவர் ஒவ்வொருவருக்கும் காப்புக் கண்ணாடி கொடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை. அதைக் கேட்பது நம்முடைய கடமை.

இன்னும் இரண்டு அபாயங்கள் உள்ளன. திடீரென ஒரு கண்ணும் அந்தப் பக்கத்துத் தலையும் தாங்கொணாது வலிக்கும், வாந்தி வரும், விளக்கைப் பார்த்தால் வானவில் போன்ற வளையம் தெரியும், பார்வை மங்கும். "பித்தம், தலையிடி" என்று படுத்துவிடாதீர்கள். கண்ணுக்குள் அழுத்தம் திடீரென ஏறிவிட்டது என்பதன் அடையாளம் அது. ஒரே இரவில் கண் போய்விடும். அடுத்தது வலியே இல்லாமல் வருவது: மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தோன்றும், கரும்புள்ளிகள் மிதக்கும், பின்பு திரை விழுந்தாற்போல் ஒரு பக்கம் மறையும். விழித்திரை கழன்று விழுகிறது என்பது அதன் பொருள். அன்றே போனால் ஒட்டலாம்.

சிவந்த கண்ணெல்லாம் அபாயமா என்று கேட்பீர்கள். இல்லை. இரண்டு கண்ணும் சிவந்து, பீளை கட்டி, மணல் விழுந்தாற்போல் உறுத்தி, ஆனால் பார்வை தெளிவாகவே இருந்தால் அது ஊரெல்லாம் தொற்றும் கண்நோய். பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமைகளில் தானே மாறும். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். துவாயையும் தலையணையையும் பிறரோடு பகிராதீர்கள். ஆனால் கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல், கருவிழியில் வெண்புள்ளி ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் அது சாதாரணக் கண்நோய் அன்று. அன்றே வைத்தியரிடம் போங்கள். பிறந்த குழந்தையின் கண்ணிற் சீழ் வடிந்தாலும் அன்றே கொண்டு செல்லுங்கள்.

மாதக்கணக்கில் தவணை தரும் நோய்கள்

கண்ணுக்குள்ளே பளிங்கு போன்ற ஒரு வில்லை உண்டு. வயது ஏற ஏற அது கலங்குகிறது. அதுவே கண்புரை. வலி இல்லை, சிவப்பு இல்லை, பனி மூடினாற்போல் பார்வை மங்கும், எதிரே வரும் வாகனத்தின் விளக்கு சிதறிக் கூசும். எந்தத் துளிமருந்தும் எந்த எண்ணெயும் அதனைக் கரைக்காது. கலங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையை வைப்பது ஒன்றே வழி. கண்ணை மட்டும் மரக்கச் செய்து, பெரும்பாலும் அரை மணிக்குள் முடிக்கும் சிகிச்சை அது.

"முற்றட்டும், பிறகு வெட்டலாம்" என்ற பேச்சு பழைய காலத்துச் சிகிச்சை முறைக்கு உரியது. அக்காலத்தில் வில்லையை எடுத்துவிட்டுக் குப்பியடி போன்ற தடித்த கண்ணாடியைப் போட்டு அனுப்புவர். 1949இல் இலண்டன் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் வைத்தார். போர் விமானிகளின் கண்ணிற் பாய்ந்த பிளாஸ்டிக் சில்லுகள் அங்கே அழற்சி உண்டாக்காமற் கிடந்ததைக் கண்டு அவர் அந்த முடிவுக்கு வந்தார். இன்று அன்றாட வேலைக்குப் பார்வை தடையாகும்போதே சிகிச்சை செய்யலாம். மிக முற்ற விட்டால் வில்லை வீங்கிக் கண்ணின் அழுத்தத்தை ஏற்றி, மீளாத இருளில் தள்ளவும் கூடும்.

பணமுள்ளவனுக்கே இது ஆகும் என்று சோர வேண்டா. தமிழகத்து மதுரையில் வைத்தியர் வெங்கடசாமி 1976இல் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன ஒருவர், அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, பல்லாயிரம் கண்களைத் திறந்தார். ஏழைகளுக்கு இலவசமாகவே சிகிச்சை செய்தார். 1992இல் அவருடைய நிறுவனம் வில்லைகளைத் தானே செய்யத் தொடங்கியதும் அவற்றின் விலை இறங்கிற்று. நம் நாட்டிலோ அரசினர் வைத்தியசாலை நம் வரிப்பணத்தால் நடப்பது. இரத்தினபுரிப் போதனா வைத்தியசாலையும் கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலையும் நமக்கும் உரியவை. கூச்சமின்றிப் போங்கள்.

அடுத்து, மூக்குக் கண்ணாடி. இதனை நம்மவர் கணக்கப்பிள்ளைக்கும் கிளாக்கருக்கும் உரிய அணிகலன் என்று எண்ணிவிட்டனர். 40 வயதைக் கடந்த எவருக்கும் கிட்டப் பார்வை குறையும்; அது நோயன்று, இயற்கை. ஊசியில் நூல் கோக்க முடியாது. அரிசியிற் கல் தெரியாது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எதுவென்று விரைவாய்ப் பிரித்தறிய முடியாது. 2017இல் அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளரிடையே ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி கொடுத்தனர். மற்றவர்களுக்குச் சோதனை முடிந்தபின் கொடுத்தனர். கண்ணாடி அணிந்தவர்கள் நாளொன்றுக்குப் பறித்த கொழுந்து 25 கிலோவிலிருந்து ஏறத்தாழ 35 கிலோவாக உயர்ந்தது. அணியாதவர்கள் 26 கிலோவிலிருந்து ஏறத்தாழ 30.5 கிலோவுக்கே உயர்ந்தனர். இரண்டையும் ஒப்பிட்டு, கண்ணாடியினால் விளைந்த ஏற்றம் நூற்றுக்கு 21.7 என்று கணித்தனர்.

தாய்மார்களே! கொழுந்தின் நிறையோடு கூலி கட்டப்பட்டிருக்கும் தோட்டத்திலே இந்தக் கணக்கின் பொருள் என்ன? "வயது போய்விட்டது, கை ஓடவில்லை" என்று நிறுவைக் களத்தில் தலைகுனிந்து நிற்கும் மூத்த பெண்ணுக்கு ஓடாதது கை அன்று, கண். தோட்ட நிருவாகத்தோடு பேசும்போது கூடைக்கும் படங்குக்கும் மழை அங்கிக்கும் குரல் கொடுக்கும் நாம் கண்ணாடிக்கும் குரல் கொடுக்க வேண்டும். அது தருமம் அன்று. நிருவாகத்துக்கும் இலாபம் தரும் தொழிற்கருவி.

ஆண்டுக்கணக்கில் அரிக்கும் நோய்கள்

நெடுந்தவணை தருகின்ற நோய்களே நம்மை அதிகம் ஏமாற்றுகின்றன. குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றி வரும். பார்வை நரம்பை ஓரத்திலிருந்து அரிக்கும். நேர்ப்பார்வை தெளிவாயிருப்பதால் நோயாளி அறிவதில்லை. வாசற்படியில் தோளை இடித்துக்கொள்வார். பக்கத்தில் வரும் வண்டியைக் காணார். போன பார்வை மீளாது. ஆனால் எஞ்சியதைத் துளிமருந்து காக்கும். அதனை ஒரு நாளும் தவறாமல் விட வேண்டும். தாய் தந்தையர், உடன்பிறந்தோர் எவருக்கேனும் இந்நோய் இருந்தால் 40 வயதானதும் கண்ணின் அழுத்தத்தையும் நரம்பையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று நீரிழிவு. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வு, இலங்கையில் வளர்ந்தோர் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்னிலையோ இருப்பதாகக் கண்டது. இது நகரத்துச் செல்வருடைய நோய் என்ற எண்ணம் பொய்த்துப் போயிற்று. அது விழித்திரையின் நுண்குழாய்களைக் கசிய வைக்கிறது. பார்வை குறையத் தொடங்கும்போது நோய் வெகுதூரம் சென்றிருக்கும். ஆதலால் நீரிழிவுள்ள ஒவ்வொருவரும், பார்வை நன்றாயிருப்பினும், ஆண்டுக்கொரு முறை பாவையை விரியச் செய்து விழித்திரையைப் பார்ப்பிக்க வேண்டும். உரிய காலத்தில் லேசர் ஒளியும் ஊசிமருந்தும் கண்ணைக் காக்கும். சீனியும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லையேல் அவையும் பயனற்றுப் போகும்.

குழந்தைகளின் கண்ணுக்கு வேறு கணக்கு. மாறுகண் அதிர்ஷ்டம் என்பது பொய். ஒரு கண் ஒதுங்கினால் மூளை அக்கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிடும். ஏழெட்டு வயதுக்குப் பின் மீட்பது அரிது. குழந்தையின் பாவையில் பூனைக்கண் போல் வெண்மை மின்னினால் நாளை என்று தள்ளாதீர்கள். அது புரையாகவும் இருக்கலாம், உயிருக்கே உலை வைக்கும் புற்றாகவும் இருக்கலாம். அந்தி மங்கியதும் பிள்ளை தடுமாறினால் அது மாலைக்கண். விற்றமின் ஏ குறைவு. முருங்கையும் பொன்னாங்காணியும் பப்பாசியும் பூசணியும் லயத்துக் கொல்லையிலேயே விளையும். அவற்றோடு முட்டையும் கொடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையை மக்கு என்று பின்வாங்கில் இருத்தாதீர்கள், ஆசிரியர்களே! முதலில் கண்ணைச் சோதிப்பியுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

படித்தவர்களே, இனி உங்களிடம் பேசுகிறோம். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. ஆனால் மருந்துக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கண்ணுக்கு, நாளுக்கு எத்தனை துளி, எத்தனை நாள் என்று தெரியாமல் திரும்பும் தாய் ஒருத்தியாவது இருக்கும்வரை அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய். இந்த மூன்று வினாவுக்கும் விடையைத் தமிழில் எழுதி வாங்குவது அவளது உரிமை. அதற்குத் துணையாகப் போவது உங்கள் கடமை. கிளினிக் நாளில் தோட்டத்துக்கு ஓர் ஆசிரியரோ ஓர் அலுவலரோ உடன் சென்றால் போதும். பல கண்கள் பிழைக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு வேலையைத் தொடங்குங்கள். 40 வயதைக் கடந்த ஒவ்வொருவரையும் ஒரு கண்ணை மூடச் செய்து, இருபதடி தூரத்தில் நின்று விரல்களைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள். பிறகு மறு கண். எண்ணத் தடுமாறுவோரின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பத்தடி தூரத்திலும் இரு கண்ணாலும் எண்ண முடியாதவர் பார்வையற்றவர் என்பதே உலகக் கணக்கு. ஒரு கண்ணின் இழப்பை மறு கண் மறைத்துவிடுவதால், தாம் ஒற்றைக் கண்ணோடு வாழ்வதையே அறியாத பலர் நம்மிடையே உள்ளனர். அந்தப் பட்டியலோடு வைத்தியரிடம் சென்றால் கூட்டுக் கோரிக்கைக்கு உள்ள வலிமையே தனி.

இறுதியாக ஒன்று. புண்ணால் வெளுத்த கருவிழிக்கு மாற்று, இறந்தவர் அளிக்கும் கருவிழிப் படலமே. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கத்தை நிறுவினார். 1964இல் சிங்கப்பூருக்குச் சென்றது முதல் இந்தச் சிறு தீவின் கண்கள் பல நாட்டவருக்கு ஒளி கொடுத்துள்ளன. கொடுத்தவர் சிங்களவரா, தமிழரா, முஸ்லிமா என்று பெற்ற கண் கேட்பதில்லை. இறந்து சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டியதாதலால் உங்கள் விருப்பத்தை இன்றே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்வதாற் பயனில்லை என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். சுள்ளி குத்தியவர் இன்றே போக வேண்டும். புரை விழுந்தவர் இந்த மாதமே போக வேண்டும். நீரிழிவுள்ளவர் இந்த ஆண்டே போக வேண்டும். இந்த மூன்று தவணைகளையும் வீட்டுக்கு வீடு எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் வரும்போது கையில் அந்தப் பட்டியல் இருக்கட்டும்.